சூது என்றொரு சௌகரியமான சொல்

பங்குச் சந்தை பற்றிப் பேச்சு வந்தால் நம் தோழர்களிடம் ‘சூதாட்டம்’ என்கிற ஒற்றைச் சொல்லோடு விமர்சனம் முடிந்துபோகிறது. ஆடுகிறவனைக் கண்டித்துவிட்டு, ஆட்டத்தின் அமைப்பைத் திரும்பிப் பார்க்காமல் நகர்ந்துவிட அது வசதி செய்து தருகிறது. தாயம் உருட்டுகிற இருவருக்கும் கட்டை ஒன்றுதான். விழுகிற எண்ணை இருவரும் ஒரே நேரத்தில்தான் பார்க்கிறார்கள். இன்றைய சந்தையில் இந்தச் சமத்துவம்கூடக் கிடையாது. ஆகவே அதைச் சூது என்று அழைப்பது, நம்மை அறியாமலே நாம் அதற்கு வழங்குகிற நற்சான்றிதழ்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி தினமும் பஸ் பிடித்துப் போய், ‘பிராப் டெஸ்க்’ எனப்படும் ஓர் அலுவலகத்தில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தவன் என்கிற முறையில் இதை எழுதுகிறேன். பிராப் என்றால் வாடிக்கையாளர் பணத்தைத் தொடாமல் நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் வாங்கி விற்பது. காலை 9.15க்குத் திறந்து பிற்பகல் 3.30க்கு மூடுகிற சந்தையில், அன்று வாங்கியதை அன்றே விற்றுக் கணக்கை நேர் செய்துவிட வேண்டும். இது ஏட்டு விளக்கம். நடைமுறை வேறு. சேரும்போதே டெபாசிட் கேட்டார்கள். சம்பளம் இல்லை, லாபத்தில் பங்கு மட்டும். அந்தப் பங்கும் டெர்மினல் செலவு, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், வரி எல்லாம் போக மிச்சத்தில்தான். இந்த மாத நஷ்டம் அடுத்த மாத லாபத்தில் கழியும். அப்படியும் தீராவிட்டால் டெபாசிட்டைத் தின்னும். நாள் வரம்பைத் தொட்டதும் ரிஸ்க் மேனேஜர் ஐடியைப் பூட்டிவிடுவார். “இன்னிக்கு உனக்கு மார்க்கெட் முடிஞ்சுது தம்பி, போய் டீ குடி” என்பார். அதாவது நிறுவனத்தின் சொந்தப் பணம் என்று சொல்லப்படுவதற்கு முன்னால் அரணாக நிறுத்தப்பட்டிருப்பது எங்கள் பணம்.

மார்க்ஸ் மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில், சரக்கின் இடையீடு இல்லாமல் பணமே பணத்தைப் பெருக்குவதாகத் தோன்றும் வடிவத்தை ஆராய்கிறார். அதைப் படித்துவிட்டு, இங்கே உழைப்பு மறைந்துவிட்டது என்று நம்மில் சிலர் எழுதுகிறார்கள். உழைப்பு எங்கும் போய்விடவில்லை. கண் எரிய ஆறே கால் மணி நேரம் திரையைப் பார்ப்பதும், ஒரு டிக் நகர்வுக்காக விரலைத் தயாராக வைத்திருப்பதும் உழைப்புதான். மறைந்திருப்பது கூலி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லாத இந்த ஆளைத் தொழிலாளி என்று சட்டமும் சொல்லாது, சங்கமும் சொல்லாது, அவனே சொல்லிக்கொள்ள மாட்டான். “நான் டிரேடர்ணா” என்பான்.

டெல்யூஸ் 1990இல் எழுதிய கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றிய சிறு கட்டுரையில், தொழிற்சாலையின் இடத்தைக் கார்ப்பரேஷன் எடுத்துக்கொள்வதாகவும், ஓயாத போட்டி ஒருவனை இன்னொருவனுக்கு எதிராக நிறுத்துவதாகவும் சொல்கிறார். ஓசூரில் ஒன்றின் இடத்தை மற்றொன்று எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் எழுந்த இந்த ஊரில், இன்று ஒரே லைனில் நிரந்தரம், காண்டிராக்ட், டிரெயினி என்று மூன்று வர்ணம். ஆர்டர் குறைந்தால் முதலில் வெளியே போவது டிரெயினி. சந்தையின் நிச்சயமின்மையை முதலாளி சுமக்காமல் கீழே இறக்கிவிடுகிற ஏற்பாடு இது. பிராப் டெஸ்க் அந்த ஏற்பாட்டின் சுத்தமான வடிவம். ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்து, போனில் ஆப்ஷன் வாங்குகிற டிரெயினிப் பையனுக்கு ஆலையும் சந்தையும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகின்றன.

இனி எதிராளி யார் என்று பார்ப்போம். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24இல் மட்டும் பிராப் வர்த்தகர்களின் லாபம், செலவு கழிக்காமல், சுமார் 33,000 கோடி. அதில் 96 சதவீதம் அல்காரிதம் மூலம் வந்தது. தனிநபர்களில் முக்கால்வாசிக்கு மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே காட்டியவர்கள். 72 சதவீதத்துக்கு மேல் முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி மாதிரி ஊர்க்காரர்கள் என்று படியுங்கள். விரலால் அழுத்துகிறவனும் எக்ஸ்சேஞ்ச் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே இடம் வாடகைக்கு எடுத்து நிற்கிற இயந்திரமும் மோதுகிற இடத்தைத்தான் ‘சுதந்திரச் சந்தை’ என்கிறார்கள்.

வேகம் மட்டும்தான் பிரச்சினை என்றும் சொல்ல முடியாது. 2025 ஜூலை 3 அன்று செபி, அமெரிக்க பிராப் நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட்டுக்கு எதிராக இடைக்கால உத்தரவு போட்டு 4,843.57 கோடி ரூபாயை முடக்கியது. குற்றச்சாட்டு இது: காலையில் பேங்க் நிஃப்டிப் பங்குகளை வாங்கிக் குறியீட்டை ஏற்றுவது, அதே நேரத்தில் குறியீடு இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்களை அதைவிடப் பல மடங்கு எடுத்துக்கொள்வது, மதியத்துக்கு மேல் பங்குகளை விற்று இறக்குவது. நிறுவனம் இதை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. தீர்ப்பு எப்படியானாலும், அந்த உத்தரவு ஒன்றைக் காட்டிக் கொடுத்துவிட்டது. திரையில் நாம் இயற்கைபோலப் பார்த்த விலையை ஒருவன் செய்திருக்கக்கூடும்.

இதற்கு மேல் ‘டிரேடிங் சைக்காலஜி’ என்றொரு சொல்லாடல் உட்கார்ந்திருக்கிறது. தோற்றால் “உனக்கு டிசிப்ளின் பத்தல”, “பேராசப்பட்டுட்ட”. எங்கள் அலுவலகச் சுவரிலும் இதுதான் ஒட்டியிருந்தது. ஃபூக்கோ சொன்ன கண்காணிப்பு இங்கே மேஸ்திரி இல்லாமலே நடக்கிறது. தோற்றவன் தன்னையே விசாரித்துத் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்கிறான். நம்முடைய ‘சூதாட்டம்’ என்கிற கண்டனமும் இதே தீர்ப்பைத்தான் வழங்குகிறது: தப்பு உன் ஆசையில்.

அரசின் பதிலும் இதிலிருந்து தூரமில்லை. 2024 நவம்பரில் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தினார்கள். வாசற்படியை உயர்த்தினார்களே தவிர, உள்ளே இருக்கிற ஏற்றத்தாழ்வைத் தொடவில்லை. 2024-25இலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான். தொகை 1.05 லட்சம் கோடி.

போனஸ் பணம் எங்கே போகிறது என்று கேட் கூட்டங்களில் பேச வேண்டும். செபியின் இந்த எண்களைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் துண்டறிக்கையாகப் போட வேண்டும். டெபாசிட் வாங்கிக்கொண்டு சம்பளமில்லாமல் ஆள் வைக்கிற அறைகளைத் தொழிலாளர் துறை எட்டிப் பார்க்கும்படி செய்ய வேண்டும். தோற்றவனிடம் ஒழுக்கம் பேசுவதைச் சந்தைக்காரர்களே செவ்வனே செய்கிறார்கள். அந்த வேலைக்கு நாம் தேவையில்லை.