கையெழுத்தில்லாத பூமரம்

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களை இந்தக் கரைக்கு இழுத்து வந்த சரக்கு, சாயமேற்றிய பருத்தித் துணி. அதே நூற்றாண்டில் அவர்கள் ஊர் ஓவியர்கள் மேசைமேல் பழமும் பூவும் பரப்பி எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார்கள். பலர் மூலையில் பெயரும் போட்டார்கள். நம் கரையிலும் பழமும் பூவும் துணியில் மலர்ந்தன, பெயர்தான் இல்லை.

ஏற்றுமதிக் கட்டில் விரிப்புகளில் பேர்பெற்றது பூமர விரிப்பு. பாறைமேட்டில் வேரூன்றிய ஒரே மரத்தில் மாதுளையும், எந்தத் தோட்டத்திலும் காணாத பல இனப் பூக்களும் சேர்ந்து தொங்கும்.

சித்திரத்தை ‘எழுதுவது’ என்பது நம் வழக்கு. இங்கே எழுதுகோல் மூங்கில் கலம். கடுக்காயும் எருமைப்பாலும் ஊறிய துணியில் இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு இழுப்பார்கள். சிவக்க வேண்டிய இடத்தில் படிகாரம் தடவிச் சாயவேரோடு கொதிக்கவிடுவார்கள். நீலம் ஏற வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை. மஞ்சள் நிலைக்காது; பழைய விரிப்புகளில் பல இலைகள் இன்று நீலமாக நிற்பது அதனால்தான். கோட்டின் ஓட்டமும், துவைத்தும் போகாத சிவப்புமே தரத்தின் உரைகல்.

மரபுகள் ஊருக்கு ஊர் வேறு. காளஹஸ்தியில் புராணக் கதைகளைக் கலம் பிடித்தே எழுதுவார்கள். மசூலிப்பட்டினத்தில் மர அச்சு ஓங்கியது. அங்கத்திய கொடிகளில் பாரசீகச் சாயல் தெரியும். தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர் மரபு கோயில் விதானத்துக்கும் தேர்த் தொம்பைக்கும் உழைத்தது.

இருந்தும் ஒரு பழைய பூமர விரிப்பை எந்த ஊர்க் கணக்கில் வைப்பது என்பதில் அறிஞர்கள் தயங்குகிறார்கள். ‘கோரமண்டல் கரை’ என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தும் அருங்காட்சியகக் குறிப்புகளே அதிகம்.

அந்தத் தயக்கம் நியாயமானது. வரைய வேண்டிய மாதிரியே பலமுறை கப்பலேறி வந்தது. கோடு போட்டவர் ஒருவர், மெழுகு பூசியவர் வேறொருவர், சாயம் காய்ச்சியவர் இன்னொருவர், ஆற்றில் அலசியவர் மற்றொருவர். 1742-இல் பாதிரியார் கெர்தூ எழுதிய கடிதம் இந்த வேலைகளைப் படிப்படியாக விவரிக்கிறது. ‘இதை எழுதியவர் யார்?’ என்ற கேள்வியில் ஒருமை பிழை, ‘எழுதியவர்கள் யார்?’ என்று கேட்பதே சரி.