யோசித்தா, யோசனையோடா?

பெண் கேட்டு வந்தவர்களிடம் வீட்டுப் பெரியவர், “யோசிச்சுச் சொல்றோம்” என்றால், வாசலில் செருப்பு மாட்டும்போதே அவர்களுக்குப் பதில் தெரிந்துவிடும். அவரே, “கொஞ்சம் யோசனையாத்தான் இருக்கு” என்று இழுத்தால் மனசு இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை என்று அர்த்தம். இன்னொரு தடவை வந்து பேசிப் பார்க்கலாம்.

கதை படிக்கும்போதும் இந்தச் சொல்லின் வாலைக் கவனியுங்கள். ‘யோசித்துச் சொன்னார்’ என்பதில் யோசனை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பேச்சு. இறந்தகால வினையெச்சத்தின் வேலை அது. ‘யோசனையோடு சொன்னார்’ என்பதில் அது முடியவில்லை. ‘ஓடு’ உடன் வருவதைச் சொல்லும் உருபு. பேசி முடித்த பிறகும் யோசனை அவரோடேயே இருக்கும்.

திருக்குறள் பொருட்பாலில் 47, 51, 52 ஆகிய மூன்று அதிகாரங்களின் பெயர்கள் ‘தெரிந்து’ என்றே தொடங்குகின்றன. ஆராய்ந்து முடித்து, அப்புறம் செய் என்பது அந்தச் சொல். நாடாள்பவனுக்கு அது சரி. சிறுகதைக்கு வேண்டியது முடியாத யோசனை.

இரண்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘“போயிட்டு வா” என்று அம்மா யோசனையோடு சொன்னாள்.’

‘“போயிட்டு வா” என்றாள் அம்மா. மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து, யோசனையோடு மறுபடியும் மடித்தாள்.’

முதல் வரியில் ‘யோசனையோடு’ என்ற சொல்லை விரலால் மறைத்துப் படித்தால் பெரிதாக எதுவும் குறையவில்லை. பேச்சோடு ஒட்டிவரும் ‘யோசனையோடு’ பெரும்பாலும் இப்படித்தான், எழுதியவரின் கைப்பழக்கம். இரண்டாவதில் மறைத்தால் அவள் வெறுமனே துணி மடிக்கிறாள். சொல் திரும்ப வந்ததும், மடிப்புக் கலையாத சட்டையை ஏன் பிரித்தாள் என்று நாம் கேட்க ஆரம்பிக்கிறோம். வாயைவிடக் கையோடு சேரும்போதுதான் இந்தச் சொல்லுக்கு உயிர் வருகிறது.

யோசனை என்பதற்குத் தூர அளவு என்றும் ஒரு பொருள் உண்டு. புராணங்களில் இத்தனை யோசனை தூரம் என்று வரும். அந்த இரண்டாவது வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுவும் சேர்ந்தே கேட்கிறது. சட்டை மடியில் கிடக்கிறது. அவள், மகன் இறங்கப்போகிற ஊர்வரை போய்விட்டாள்.