கிளமெந்தின் பணக்காரன்

கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கிளமெந்து கிரேக்கத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். 'மீட்படையும் செல்வன் யார்?' என்பது அதன் தலைப்பு. நிலைவாழ்வுக்கு வழி கேட்டு இயேசுவிடம் ஓடிவந்த பணக்காரனின் கதைக்கு (மாற்கு 10:17-31) அது விளக்கவுரை. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு என் பின்னே வா என்கிறார் இயேசு. அவன் முகம் வாடிப் போய்விடுகிறான். ஊசியின் காதும் ஒட்டகமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

விட்டொழிக்க வேண்டியது சொத்தின் மீதுள்ள ஆசையையே என்கிறார் கிளமெந்து. செல்வம் ஒரு கருவி, பாவிப்பவனைப் பொறுத்தது. எல்லோரும் எல்லாவற்றையும் துறந்துவிட்டால் பசித்தவனுக்கு உணவு கொடுக்க யாரிடம் என்ன மிஞ்சும் என்றும் கேட்கிறார். கெட்டிக்காரக் கேள்விதான். தானியக் கப்பல்கள் புறப்படும் அந்தத் துறைமுக நகரத்தில் சபைக்குள் வந்துகொண்டிருந்த வசதியானவர்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் மாற்குவின் பணக்காரன் ஆறுதலோடு திரும்பவில்லையே! சொன்னதைச் சொன்னபடியே விளங்கிக்கொண்டவன் அவன் ஒருவன்தான். அதோடு, ஆசையை விற்று எந்த ஏழைக்குக் கொடுப்பது? நூலின் பிற்பகுதியில் கிளமெந்தும் தாராளமாகக் கொடுக்கச் சொல்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. என்றாலும் கொடுப்பவன் கொடுப்பவனாகவும் வாங்குபவன் வாங்குபவனாகவுமே இருக்கிறார்கள். (ஒட்டகத்தைக் கயிறாக்கியவர்களும், ஊசியின் காதை எருசலேமின் சிறுவாசல் ஆக்கியவர்களும் உண்டு. அப்படியொரு வாசல் இருந்ததற்குச் சான்றே கிடையாது. அவர்களோடு ஒப்பிட்டால் கிளமெந்து எவ்வளவோ நேர்மையானவர்.)

இவ்வளவு கோபத்தோடு வாசித்துக்கொண்டு போன என்னை ஓரிடம் மறித்துவிட்டது. பொருளை இழந்தும் அதன் ஆசையை இழக்காதவனுக்கு இரட்டைத் துன்பம் என்கிறார்: பொருளும் இல்லை, ஏக்கமும் தீராது.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது நாங்கள் எதையும் விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. கதவைப் பூட்டித் திறப்பை மடிக்குள் செருகிக்கொண்டு நடந்தோம். அந்த வீட்டுக்குக் கூரை இல்லாமல் போய் எத்தனையோ வருடம். காணி உறுதி மட்டும் இங்கே, குளிர்நாட்டில், சூட்கேசுக்குள் பத்திரமாக இருக்கிறது. போன கிழமையும் வேலி எந்தப் பூவரசோடு போனது என்று அண்ணரோடு தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தேன்.