பழைய சுழலியும் புதிய ஊசிக்கையும்

மட்சுஷிடா நிறுவனம் 1970இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 என்ற இசைத்தட்டுச் சுழலியை வெளியிட்டபோது, இடையில் வாரோ ரப்பர்ச் சக்கரமோ இன்றி மோட்டாரின் அச்சே தட்டைச் சுழற்றும் நேரடி இயக்கமுறை சந்தைக்கு வந்தது. 1979இல் வந்த எஸ்எல்-1200 எம்கே2 தன் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வோடு பிணைத்துக்கொண்டமையால், மின்சாரத்தின் அலைவெண் ஏறியிறங்கினாலும் பாட்டின் சுருதி அசைவதில்லை. மோட்டார் இன்றும் தளராதிருக்கும் இத்தகைய இயந்திரங்களில், ஊசியைத் தாங்கும் கையாகிய டோன்ஆர்மையும், ஊசியின் அசைவை மின்குறியாக மாற்றும் கார்ட்ரிட்ஜையும் மாற்றி ஒலியை மேம்படுத்துவது இசைப்பிரியர்களிடையே நிலைபெற்ற வழக்கம். அதன் இரு பாதிகளும் சம மதிப்புடையவை அல்ல.

கார்ட்ரிட்ஜை மாற்றுவதன் பயன் காதுக்கே தெரியும். தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், நடுப்பகுதியை நெருங்க நெருங்க ஒவ்வொரு வினாடிக்கும் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் சுருங்குவதால் அலைகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். உருண்டை முனை ஊசியால் அந்நெருக்கத்துள் நுழைய இயலாது. எல்பி தட்டொன்றின் கடைசிப் பாட்டில் பாடகியின் 'ஸ' சீறலாகக் கேட்பது பெரும்பாலும் இதனாலேயே, மெல்லிய விளிம்பு கொண்ட ஊசி அதைப் பெருமளவு தணித்துவிடும்.

கையின் கணக்கு வேறு. கையின் செயல்நிறை, கார்ட்ரிட்ஜின் எடை ஆகியவற்றின் கூட்டுத்தொகையை ஊசியின் நெகிழ்வெண்ணால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159ஐ வகுத்தால் அவ்விணையின் இயல்பதிர்வு கிடைக்கும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைதல் நன்று. டெக்னிக்ஸ் கையின் 12 கிராமோடு 6 கிராம் கார்ட்ரிட்ஜைச் சேர்த்து, நெகிழ்வெண் 30 எனக் கொண்டால், விடை 7க்கும் சற்றுக் கீழே விழுகிறது. வெயிலில் நெளிந்த தட்டின் மேடுபள்ளம் அந்த எல்லையைத் தொட்டு ஊசியைத் துள்ளச் செய்யும். இங்கு இலேசான கை தேவைதான். ஆனால் நெகிழ்வு குறைந்த கார்ட்ரிட்ஜைத் தெரிந்தால் மூலக் கையே போதும் என்பதை, விலையுயர்ந்த கைகளைப் பரிந்துரைப்போர் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

திருகோணமலை போன்ற ஊரில் இவ்வாதம் இன்னும் கூர்மையடைகிறது. ஒருபுறம் உள்துறைமுகமும் மறுபுறம் குடாக்களுமாகக் கடலுக்கிடையே அமைந்த நகரில், உப்புக்காற்று நுண்ணிய குண்டுத்தாங்கிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். 7 மில்லிகிராம் உராய்வுக்குள் அசையுமாறு ஆக்கப்பட்ட கை சொரசொரத்துப் போன பின்பு அதனை மாற்றுவது ஆடம்பரமாகாது. ஜப்பானியச் சந்தைக்கான 100 வோல்ட் இயந்திரத்துக்கு இலங்கையின் 230 வோல்ட்டைக் குறைக்கும் மின்மாற்றி வேண்டும், 0.3 மில்லிவோல்ட் மட்டுமே தரும் டெனன் டிஎல்-103 போன்ற அசைசுருள் கார்ட்ரிட்ஜ், அம்மின்மாற்றி அருகிலிருந்தால் அதன் இரைச்சலையும் சேர்த்தே ஏந்தித் தரும்.

இம்மேம்பாடுகளுள் எதுவும் தொடாத தட்டுகளும் உண்டு. இலங்கை வானொலிக் காலத்து வீடுகளில் எஞ்சிய, ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரம் பதிந்த 78 சுற்றுத் தட்டுகளுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு அகன்ற முனையுள்ள ஊசி வேண்டும். எம்கே2இலோ அந்த வேகமே இல்லை.