நாற்காலியின் முதுகில் ஓர் எண்

ஏல விற்பனைப் பட்டியல்களில் 'சண்டிகர் நாற்காலி' வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அதன் மேல் பெயிண்ட்டில் எழுதிய எழுத்துகளையும் எண்ணையும்தான். எந்த அலுவலகம், எத்தனையாவது சாமான் என்று இருப்புக் கணக்குக்காக எழுதியது. நம்மூர் தாலுகா ஆபீஸ் பீரோவில் இருக்குமே, அதே சமாச்சாரம். இன்று அந்த எண்ணைத்தான் அசல் என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

அந்த நாற்காலிகளை 'பியர் ழான்னரே படைப்பு' என்று விற்கிறார்கள். ழான்னரே (1896–1967) ஜெனீவாக்காரர், லெ கொர்பூசியேவுக்கு உறவுமுறையில் தம்பி. சண்டிகர்னா எல்லாரும் அண்ணன் பேரைத்தான் சொல்வாங்க. ஆனால் அண்ணன் அவ்வப்போது வந்து போனவர். 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி வேலையை முடித்தது தம்பி. அவர் விருப்பப்படி அஸ்தியைக்கூட சுக்னா ஏரியில்தான் கரைத்தார்கள்.

நாற்காலிக்கு வருவோம். பக்கவாட்டில் பார்த்தால் கால்கள் விரித்த கவராயம் மாதிரி இருக்கும். குறுக்கே ஒரு சட்டம் போட்டால் முக்கோணம், முக்கோணம் ஆடாது. தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. வெயிலுக்குப் பிரம்புப் பின்னல் காற்றோட்டம். பின்னல் அறுந்தால் கட்டையை விட்டுவிட்டுப் பிரம்பை மட்டும் மாற்றலாம். கனம் அதிகம், அது ஒரு குறைதான்.

இதைப் பல பட்டறைகள் செய்தன. அதனால் அளவுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும். எங்க தொழில் பாஷையில் சொன்னா, வரைபடம் ஸ்பெசிஃபிகேஷன். ஒவ்வொரு பட்டறையும் ஒரு இம்ப்ளிமென்டேஷன். வரைந்ததிலும் அவர் தனியாள் இல்லை. யூலி சௌத்ரி உட்பட அவரது குழுவில் இருந்த இந்தியக் கட்டடக் கலைஞர்களுக்கும் பங்கு உண்டு. ஆக, 'மேதையின் கைவண்ணம்' என்ற லேபிள் தகவல் பிழை மட்டுமில்லை, அவருடைய உண்மையான சாதனையையும் மறைக்கிறது. எந்த ஊர்த் தச்சரும் செய்து, எந்த ஊர்த் தச்சரும் பழுது பார்க்கக்கூடிய ஒன்றை வடிவமைத்ததுதான் அந்தச் சாதனை.

வெளிநாட்டுக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான் என்று கோபப்படுவதும் பாதி நியாயம்தான். பலவற்றை அலுவலகங்களே பழைய சாமானாக ஏலம் விட்டன. மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது 2011-ல்தான். பிரம்பு அறுந்ததும் பின்னுவதற்கு ஆள் கூப்பிட்டிருந்தால் பல நாற்காலிகள் அங்கேயே இருந்திருக்கும். அதற்காகத்தானே அப்படிச் செய்தார்கள்?

அந்த எண் யாருடைய கையெழுத்தும் இல்லை. இது ஆபீஸ் நாற்காலி, உட்கார்ந்து வேலை பார்க்க வாங்கியது என்கிறது, அவ்வளவுதான். ழான்னரேவை மதிப்பிட அதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை.