இறுக்கமான ரேக் எல்லாம் நல்ல ரேக்கா?

பூல் ஆடுறவங்க ஒரு ரேக்கை மதிப்பிட ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "பந்து இறுக்கமா உட்காருதா?" உட்கார்ந்தால் நல்ல ரேக், உட்காராவிட்டால் தூக்கிப் போடு. இந்த அளவுகோல் பாதிதான் சரி என்பது என் கருத்து. இறுக்கத்தில் ஒரு பங்குதான் ரேக்கின் கையில் இருக்கிறது, மீதி பந்தின் கையில். அதைவிட முக்கியமாக, இறுக்கம் முழுசா கிடைத்த இடத்தில் ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

பூல் பழக்கம் இல்லாதவர்களுக்காக: கேரம் ஆடும்போது நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு என்று காய் அடுக்குவோம் இல்லையா? இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து அணைத்து நெருக்குவோம். அந்த உள்ளங்கை வேலையைச் செய்யும் சட்டம்தான் ரேக். எய்ட் பால் ஆட்டத்தில் 15 பந்துக்கு முக்கோணம். நைன் பால் ஆட்டத்தில் 9 பந்துக்கு வைர வடிவம், வரிசைக்கு 1-2-3-2-1 என்று. முன்னால் 1, நடுவில் 9, மற்றவை எந்த ஒழுங்கும் இல்லாமல் என்பது அடிப்படை விதி. இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் நைன் பால் பற்றித்தான் பேசப் போகிறேன், ஏனென்றால் ரேக் சண்டை அதிகம் நடப்பது அங்கேதான்.

ஒரு சின்ன இடைவெளிக்கு ஏன் இவ்வளவு சண்டை?

ஸ்நூக்கரிலும் முக்கோணம் வைத்துத்தான் 15 சிவப்புப் பந்துகளை அடுக்குகிறார்கள். அங்கே யாரும் குனிந்து பார்த்து "இங்க கேப் இருக்கு" என்று நடுவரிடம் முறையிடுவதில்லை. காரணம் எளிது. ஸ்நூக்கரில் முதல் அடி ஒரு தற்காப்பு அடி. ஓரச் சிவப்பை லேசா உரசிவிட்டு வெள்ளைப் பந்தைத் திரும்பக் கொண்டுவந்து ஒளித்து வைப்பார்கள். பூலில் முதல் அடியிலேயே ஒரு பந்தாவது பாக்கெட்டில் விழணும். விழுந்தால் தொடர்ந்து ஆடலாம், விழாவிட்டால் எழுந்து இடம் கொடுக்கணும்.

இப்போது வைரத்தின் இடது, வலது முனைகளில் நிற்கும் இரண்டு பந்துகளைப் பாருங்கள். விங் பால் என்பார்கள். ஒவ்வொன்றும் மூன்று பந்துகளைத் தொட்டு நிற்கிறது: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, உள்பக்கம் 9. தொட்டுக்கொண்டிருக்கும் பந்துகளுக்குள் விசை எந்தப் புள்ளி வழியாகப் போகிறதோ அந்தத் திசையில்தான் பந்து கிளம்பும். மூன்று தொடுகையும் சரியாக இருந்தால் விங் பால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் கிளம்பும். 1-ம் பந்து ஸ்பாட்டில் இருக்கும் பழைய முறையில் அந்தக் கோடு நேராக மூலைப் பாக்கெட்டுக்குப் போகிறது. ஒரு தொடுகை விட்டுப்போனால் கோடு மாறிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு இடைவெளியை வேண்டுமென்றே வைப்பவர்களுக்கு அமெரிக்க பூல் உலகில் ரேக் மெக்கானிக் என்றே பட்டப்பெயர் உண்டு. எதிராளிக்கு அடுக்கும்போது ஒரு பந்தை மயிரிழை தள்ளி வைப்பது, தனக்கே அடுக்கும்போது சாதகமான இடைவெளியை விடுவது, முழு ரேக்கையும் லேசா சாய்த்து வைப்பது. ஜோ டக்கர் என்ற பயிற்சியாளர் ரேக்கில் இடைவெளி எங்கே இருக்கிறது என்று பார்த்தே எந்தப் பந்து எந்தப் பாக்கெட்டுக்குப் போகும் என்று கணிப்பதைப் பாடமாகவே சொல்லித்தந்தார். ரேக்கின் தரம் என்பது நேர்மை சம்பந்தப்பட்ட விஷயமாவது இந்த இடத்தில்தான்.

மூன்று வகை, மூன்று குறை

முதலில் சாதா முக்கோணம், மரம் அல்லது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் வளையும். மரம் நல்லா இருக்கும், உள்விளிம்பு தேயும் வரை. ஆனால் இதன் உண்மையான பிரச்சினை சட்டத்தில் இல்லை, அதை எடுக்கும் நொடியில் இருக்கிறது. துணியில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான பிரேக் அடிகளால் நுண்ணிய குழிகள் விழுந்திருக்கும். சட்டத்துக்குள் விரலால் நெருக்கி வைத்த பந்து, சட்டத்தைத் தூக்கியதும் தன் பழைய குழிக்கு உருண்டுவிடும். அலுமினியத்தில் துல்லியமாகச் செய்த டெல்டா-13 மாதிரி விலை உயர்ந்த சட்டங்கள் முதல் குறையைத் தீர்க்கின்றன. குழியை அவை என்ன செய்ய முடியும்? ஐரோப்பாவில் சிலர் இதைத் தலைகீழாக யோசித்தார்கள்: குழி எப்படியும் விழத்தான் போகிறது, சரியான இடத்தில் நாமே தட்டி விழ வைப்போம். வேலை செய்தது. ஆனால் துணி மாற்றினால் மறுபடி தட்டணும், தப்பாகத் தட்டினால் துணி போச்சு.

இரண்டாவது சார்டோ டைட் ரேக். லூ சார்டோ என்பவர் உருவாக்கியது. சட்டம் என்பதைவிட ஒரு சின்ன இயந்திரம் என்று சொல்லலாம். அடுக்குபவரின் விரலை நம்பாமல் இயந்திரமே நெருக்குகிறது. மனிதப் பிழையை எடுத்தது, பதிலுக்குப் பெரிய கருவியையும் மெதுவான வேலையையும் கொடுத்தது.

மூன்றாவது பல போட்டிகளில் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். மேஜிக் ரேக் என்ற பிராண்ட் பெயரே பலருக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. தாளில் வெட்டிய ஓட்டைகளில் பந்தை வைத்தால் போதும். பந்து தன் எடையாலேயே பக்கத்துப் பந்தின் மேல் லேசா சாய்கிற மாதிரி ஓட்டைகள் வெட்டப்பட்டிருக்கும். தூக்கும் நொடியே இல்லை, தாள் மேஜையிலேயே கிடக்கும், பிரேக் முடிந்த பிறகு எடுப்பார்கள். குழிப் பிரச்சினையை இவ்வளவு மலிவாகத் தீர்த்த வேறு கருவி எனக்குத் தெரிந்து இல்லை. குறை என்னவென்றால் பிரேக்குக்குப் பிறகு ஒரு பந்து தாள் மேலேயே நின்றுவிட்டால் ஒரு சங்கடம், மெதுவாக உருளும் பந்து தாளின் விளிம்பில் தட்டி வழி மாறலாம்.

ஒரு கணக்கு: 16-க்கு 15

இதுவரை சொன்னது ரேக்கின் குறை. பந்தின் குறை பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நோட்டில் போட்டுப் பார்த்தேன், நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

வைர அடுக்கில் 9 பந்துகளுக்குள் மொத்தம் 16 தொடுபுள்ளிகள். ஒரு பந்தின் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும், ஆக 9 பந்துக்கு 18. முழு அடுக்கையும் நகர்த்துவது, திருப்புவது இரண்டும் தொடுகையை மாற்றாது என்பதால் அதற்கு 3 கழித்தால் 15. அதாவது பந்துகளை நகர்த்தி நாம் சரிசெய்யக்கூடியது 15 தொடுபுள்ளிகளைத்தான். 16-ஆவது தானாக அமையணும். எல்லாப் பந்தும் ஒரே அளவாக இருந்தால் அமையும். இல்லாவிட்டால் உலகத்தின் எந்த ரேக்காலும் பொதுவாக அமைக்க முடியாது. 15 பந்து முக்கோணத்தில் நிலைமை இன்னும் மோசம்: 30 தொடுபுள்ளிகள், சரிசெய்யக்கூடியது 27. மூன்று தொடுபுள்ளிகள் பந்தின் தயவில் இருக்கின்றன. (கேரமில் 42-க்கு 35. நல்லவேளை, அங்கே யாரும் கணக்கு பார்ப்பதில்லை.)

சரி, இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசா இருக்கும்? உலக பூல்-பில்லியர்ட் சங்கத்தின் உபகரண விதிப்படி பந்தின் விட்டம் 57.15 மி.மீ., அதில் 0.127 மி.மீ. வரை வித்தியாசம் அனுமதி. நடுவில் இருக்கும் 9-ம் பந்து மட்டும் அந்த 0.127 அளவுக்குப் பெரிசு, மற்றதெல்லாம் சரியான அளவு என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி ஆறு பந்து. ஆறும் 9-ஐத் தொடுகிற மாதிரி வைத்தால் அவை தங்களுக்குள் வட்டத்தை மூட முடியாது. ஐந்து இடத்தில் மூடிவிட்டால் ஆறாவது இடத்தில் மிஞ்சும் இடைவெளி சுமார் 0.38 மி.மீ. பந்தில் இருந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகப் பெருகி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது! சாதாரண ஏ4 தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். மூன்று தாளைச் செருகலாம். விதிக்கு உட்பட்ட பந்தே இப்படி என்றால், ஒரே செட்டில் தேய்ந்த பந்தும் புதுப் பந்தும் கலந்து கிடக்கும் கிளப்பில் நிலைமை என்ன என்று யோசியுங்கள். அங்கே "ரேக் சரியில்ல" என்று ரேக்கை மாற்றிக்கொண்டே இருப்பது, டேட்டா தப்பாக இருக்கும்போது கம்பைலரைக் குறை சொல்கிற கதைதான்.

இறுக்கம் கிடைத்தது, பிறகு?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நல்ல பந்து, நல்ல ரேக், 16 தொடுபுள்ளியும் மூடியாச்சு. ஆட்டம் நன்றாகிவிட்டதா?

சார்டோ ரேக் காலத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. ரேக் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அமையும் என்றால் பலமாக அடித்துச் சிதறடிக்கத் தேவையே இல்லை. அளந்து மெதுவாக அடித்தாலும் விங் பால் மூலைக்குப் போகும், மற்ற பந்துகளும் பழகிய இடத்திலேயே நிற்கும். இந்த மெதுவான பிரேக்கைக் கலையாக்கியவர் கோரி டூயல். 2001 யூ.எஸ். ஓபன் நைன் பால் இறுதி ஆட்டத்தில் அவர் மிகா இம்மோனனை 11-0 என்று வென்றார். இம்மோனன் அதே ஆண்டு கார்டிஃபில் உலக நைன் பால் பட்டம் வென்றவர். டூயல் செய்ததில் விதிமீறல் எதுவும் இல்லை. கருவி கொடுத்ததை அவர் மற்றவர்களுக்கு முன்பே படித்துவிட்டார், அவ்வளவுதான்.

எங்கள் தொழில் மொழியில் சொன்னால், நைன் பாலில் பிரேக்தான் ராண்டம் சீட். ஒவ்வொரு ரேக்கிலும் புதிய பிரச்சினை, புதிய தீர்வு என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். சீட் நிலையாகிவிட்டால் அதே புரோகிராம் அதே அவுட்புட்டைக் கொடுக்கும். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு வந்த விதிகளைப் பாருங்கள், எல்லாமே ரேக் நன்றாக ஆனதற்குப் போட்ட ஒட்டு. 1-க்குப் பதிலாக 9-ஐ ஸ்பாட்டில் வைப்பது: முழு அடுக்கும் இரண்டு வரிசை, அதாவது சுமார் 99 மி.மீ., முன்னால் நகர்கிறது, விங் பால் நேராக மூலைக்குப் போகாது. பிரேக் பாக்ஸ்: வெள்ளைப் பந்தை ஓரத்திலிருந்து அடிக்காமல் நடுவில் குறித்த பகுதியிலிருந்துதான் அடிக்கணும். மூன்று பந்து விதி: குறிப்பிட்ட எண்ணிக்கையில் பந்துகள் விழவோ ஹெட் ஸ்ட்ரிங் கோட்டைத் தாண்டவோ செய்யாவிட்டால் பிரேக் செல்லாது, அதனால் மெதுவான அடி எடுபடாது. இவற்றை எதிர்ப்பவர்கள் "ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள்" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருவி மாறியபோதே ஆட்டம் மாறிவிட்டது. விதி பின்னால் ஓடி வந்து பிடிக்கப் பார்க்கிறது. ஆட்டக்காரர்களும் சும்மா இல்லை, இப்போது 1-ம் பந்தை நடுப் பாக்கெட்டில் போடப் பழகிவிட்டார்கள்.

என் மதிப்பீடு

ரேக்கைத் தளர்வாக்கினால் பழைய சுவாரசியம் திரும்பும் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ள மாட்டேன். தளர்ந்த ரேக் தரும் தற்செயல் இருவருக்கும் சமமாக வருவதில்லை. இடைவெளியைப் படிக்கத் தெரிந்தவனுக்கும், வைக்கத் தெரிந்தவனுக்கும்தான் அது சாதகம். நேர்மையாக அடுக்குகிற புதுப் பையன்தான் அதில் தோற்பான். தற்செயல் வேண்டுமென்றால் அதை விதியில் வையுங்கள், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. ரேக்கின் இடுக்கில் ஒளித்து வைக்காதீர்கள்.

ஆகவே போட்டிக்கு என் ஓட்டு பிளாஸ்டிக் தாளுக்குத்தான், மூன்று நிபந்தனைகளோடு. ஒன்று, போட்டிக்கு முன் பந்து செட்டை அளந்து பாருங்கள். டிஜிட்டல் காலிப்பர் ஒன்று ரேக்கைவிட மலிவு. இரண்டு, அடுக்குவது ஆடுபவராக இருக்க வேண்டாம். ஆள் இல்லாத சின்னப் போட்டியில் எதிராளி பார்க்க உரிமை இருக்கட்டும். பின்னால் மொபைல் டார்ச் அடித்தால் எந்த இடுக்கில் வெளிச்சம் வருகிறது என்று பத்து நொடியில் தெரிந்துவிடும். மூன்று, 1, 9 தவிர மற்ற பந்துகளின் வரிசையை ஆடுபவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. தாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், 2-ம் பந்து எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவனுக்கு அது பாதி ஆட்டம்.

இனி ஒரு ரேக்கை விமர்சிக்கும்போது "இறுக்கமா?" என்பதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானா, அதை இரண்டு பேராலும் பார்த்துச் சரிபார்க்க முடியுதா?" முதல் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லும் ரேக்குகள் இப்போது நிறைய இருக்கின்றன. இரண்டாவதுக்கும் ஆமாம் சொல்ல ரேக் மட்டும் போதாது, பந்தை அளப்பவரும் போட்டி நடத்துபவரும் சேர்ந்து வேலை செய்யணும்.