செவியின் சான்றும் ஏட்டின் சான்றும்: ராக் கிதார் கலைஞர் வாழ்க்கை வரலாறுகள் குறித்த வாசக மதிப்பீடுகள்

ஆய்வுச்சுருக்கம்

1960, 1970-களில் புகழ்பெற்ற ராக் கிதார் கலைஞர்கள், இசைக்குழுக்கள் பற்றிய வாழ்க்கை வரலாறுகளும் தன்வரலாறுகளும் ஆங்கிலத்தில் பெருமளவில் வெளிவந்துள்ளன. இந்நூல்களை வாசிப்போர் பலர், நூலைக் கையில் எடுக்கும் முன்பே அக்கலைஞரின் இசையைப் பல்லாண்டுகள் கேட்டுப் பழகியவர்கள். இம்முன்னறிவு அவர்தம் மதிப்பீடுகளை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இசை பற்றிய செய்திகளைச் செவியால் சரிபார்க்கும் வாசகர், அதனால் பெறும் நம்பிக்கையைச் சரிபார்க்க இயலாத பிற செய்திகளுக்கும் நீட்டிக்கின்றனர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். லெட் செப்பலின், ரோலிங் ஸ்டோன்ஸ், பீட்டில்ஸ் ஆகிய குழுக்களையும் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், எரிக் கிளாப்டன் ஆகியோரையும் பற்றிய நூல்கள் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ராக் இசை, வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, வாசக ஏற்பு, எதிர்பார்ப்பு எல்லை, நம்பகத்தன்மை.

முன்னுரை

பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகளில் வாசகர் நூலின் வழியாகவே அதன் நாயகரை நெருங்குகிறார். ஓர் அறிவியலாளரின் வரலாற்றைப் படிப்போருள் அவருடைய ஆய்வேடுகளைப் படித்தவர் சிலரே. ராக் கிதார் கலைஞரின் வரலாற்றை வாசிப்பவர் நிலை வேறு. அவருக்கு இசைத்தட்டுகள் மனப்பாடம். எந்தப் பாடலில் கிதார் எவ்விடத்தில் நுழைகிறது, எவ்விடத்தில் அடங்குகிறது என்பதை அவர் அறிவார். நூலாசிரியர் சொல்வதை உரைத்துப் பார்க்கும் கல் அவர் செவியிலேயே இருக்கிறது.

ஒரு நூலை எதிர்கொள்ளும் வாசகர் வெறும் மனத்தோடு வருவதில்லை. முன்பு பெற்ற இலக்கிய அனுபவங்களால் அமைந்த எதிர்பார்ப்பு எல்லையோடு வருகிறார் என்பது ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1967-இல் முன்வைத்த வாசக ஏற்புக் கோட்பாட்டின் அடிப்படை. இங்கு அவ்வெல்லையை வகுப்பது முன்பு படித்த நூல்கள் மட்டுமல்ல. முன்பு கேட்ட இசையுமாகும். ஆகவே இவ்வகை நூல்கள் குறித்த வாசகர் கருத்துகளை ரசிகரின் ஆர்வக்கூற்று என ஒதுக்கிவிட இயலாது. அவற்றில் தமக்கென அளவுகோல்களைக் கொண்ட ஒரு திறனாய்வு முறை செயல்படுகிறது. அம்முறையின் வலிமையும் வரம்பும் இங்கு ஆராயப்படுகின்றன.

தொன்மமும் வாசக ஐயமும்

லெட் செப்பலின் குழு, மேளக் கலைஞர் ஜான் போனம் மறைவையடுத்து 1980-இல் கலைந்தது. ஸ்டீபன் டேவிஸ் எழுதிய ‘ஹேமர் ஆஃப் தி காட்ஸ்’ 1985-இல் வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. குழுவின் பயண மேலாளராக இருந்த ரிச்சர்ட் கோலின் நினைவுகளை இந்நூல் பெரிதும் சார்ந்திருந்தது. குழுவினர் அதனை ஏற்கவில்லை. கோல் தம் பங்குக்கு 1992-இல் தனி நூலொன்றை வெளியிட்டார்.

டேவிஸின் நூலைப் பற்றிய வாசகர் கருத்துகள் இரு முனைகளில் நிற்கின்றன. கீழே வைக்க முடியாத விறுவிறுப்பு என்பது ஒரு முனை. விடுதி அறைகளின் களியாட்டமே நூலை நிறைத்துவிட்டது; அத்தகைய அறையிலிருந்து வெளிவந்தவர்கள் எவ்வாறு அந்த இசையைப் படைத்தனர் என்பதற்கு விடையில்லை என்பது மறுமுனை. ஒரே வாசகர் இரண்டையும் ஒருசேரச் சொல்வதும் உண்டு. நூல் அவரை ஈர்க்கிறது. ஆனால் அவர் செவி அறிந்த கலைஞர்களை அதில் அவர் காணவில்லை. ஐயம் இவ்விடைவெளியிலேயே பிறக்கிறது.

அதே குழுவைப் பற்றி மிக் வால் எழுதி 2008-இல் வெளிவந்த ‘வென் ஜயன்ட்ஸ் வாக்ட் தி எர்த்’ வேறொரு சிக்கலை எழுப்பியது. வரலாற்று நடைக்கு இடையிடையே, குழுவினரின் உள்ளத்தில் ஓடியிருக்கக்கூடிய எண்ணங்களை முன்னிலையில் ‘நீ’ என விளித்துச் சாய்வெழுத்தில் எழுதிச் செல்கிறார் வால். நூலின் தகவல் வளத்தைப் பாராட்டுவோரும் இப்பகுதிகளைக் குறை கூறுகின்றனர். ஒரு கலைஞரின் உள்ளத்தைப் பற்றித் தமக்கென ஒரு படிமத்தை இசையிலிருந்து உருவாக்கிக் கொண்ட வாசகர், ஆசிரியர் அதன்மீது வேறொரு குரலை ஏற்றும்போது எதிர்ப்புக் காட்டுவது இயல்பே.

குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் தம் வாழ்வைச் சொல்லத் தேர்ந்த வடிவம் இதற்கு நேர்மாறானது. 2010-இல் வரையறுக்கப்பட்ட படிகளாகவும் 2014-இல் பொதுப் பதிப்பாகவும் வந்த அவருடைய நூல், ஒளிப்படங்களின் வழியே அமைந்த தன்வரலாறு. சொற்கள் அதில் மிகக் குறைவு. இம்மௌனத்தை வாசகர் கண்ணியமாகவும் கொள்ளலாம். விடை தர மறுக்கும் உத்தியாகவும் கொள்ளலாம்.

விரல்களைத் தேடும் வாசிப்பு

கிதார் கலைஞரின் வரலாற்றில் வாசகர் முதலாவதாகத் தேடுவது விரல்களின் செய்தியை. கீத் ரிச்சர்ட்ஸ், எழுத்தாளர் ஜேம்ஸ் ஃபாக்ஸ் துணையுடன் 2010-இல் வெளியிட்ட ‘லைஃப்’ பெற்ற வரவேற்பு இதனைத் தெளிவாக்குகிறது. போதைப்பொருள், கைது, நீதிமன்றம் எனப் பரபரப்புக்குப் பஞ்சமில்லாத நூல் அது. 1975-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் காவலர் பிடியில் சிக்கிய நிகழ்ச்சியுடன்தான் தொடங்குகிறது. எனினும் கிதார் வாசிக்கத் தெரிந்த வாசகர் விரும்பிச் சுட்டும் பகுதி ஐந்து தந்திகளைப் பற்றியது. ஆறு தந்திகளுள் மிகத் தாழ்ந்த சுரத்திற்குரியதை நீக்கிவிட்டு, எஞ்சிய ஐந்தையும் ஜி, டி, ஜி, பி, டி எனச் சுருதி சேர்க்கும் முறையை ரிச்சர்ட்ஸ் அதில் விளக்குகிறார். 1969-இல் வந்த ‘ஹாங்கி டாங்க் விமன்’, 1971-இல் வந்த ‘பிரவுன் ஷுகர்’ ஆகிய பாடல்களின் தனித்த ஒலிக்கு இம்முறையே அடிப்படை.

இப்பகுதியின் சிறப்பு, அது சோதித்தறியத்தக்கது என்பதில் உள்ளது. வாசகர் தம் கிதாரின் ஒரு தந்தியைக் கழற்றிவிட்டுச் சுருதியை மாற்றினால் இசைத்தட்டில் கேட்ட ஒலி அவர் கையிலேயே எழுகிறது. விடுதியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் எச்செய்திக்கும் இத்தகைய சோதனை இல்லை.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் (1942–1970) பற்றிய இரு நூல்களை ஒப்பிடுகையில் இவ்வேறுபாடு மேலும் துலங்கும். சார்ல்ஸ் ஷார் மர்ரி 1989-இல் வெளியிட்ட ‘க்ராஸ்டவுன் டிராஃபிக்’, ஹென்ட்ரிக்ஸை ப்ளூஸ், சோல், ஜாஸ் ஆகிய கறுப்பின இசை மரபுகளின் நடுவே நிறுத்தி விளக்குகிறது. வாழ்க்கை நிகழ்ச்சிகளின் வரிசையை எதிர்பார்த்தவருக்கு அது நிறைவளிப்பதில்லை. இசையின் வேர்களைத் தேடியவருக்கு அதுவே முதன்மை நூலாகிறது. சார்ல்ஸ் ஆர். க்ராஸ் 2005-இல் வெளியிட்ட ‘ரூம் ஃபுல் ஆஃப் மிரர்ஸ்’ நூற்றுக்கணக்கான நேர்காணல்களின் வழியே சியாட்டில் நகரில் கழிந்த வறுமை மிகுந்த இளமைக்காலத்தை மீட்டெடுக்கிறது. அதன் தொடக்கப் பகுதிகள் வாசகரை உருக்கின. ஆயினும், அச்சிறுவனின் வறுமை அறியக் கிடைத்த அளவுக்கு அவன் விரல்கள் கற்ற வித்தை அறியக் கிடைக்கவில்லை என்னும் குறையும் உடனெழுந்தது.

க்ராஸின் நூல் மற்றொரு வகையிலும் கருதத்தக்கது. 1962-இல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டதற்குப் பாராசூட் குதிப்பில் கணுக்கால் முறிந்ததே காரணம் என ஹென்ட்ரிக்ஸ் கூறிவந்தார். ராணுவ மருத்துவ ஆவணங்களைக் கொண்டு, தாம் ஓரினச்சேர்க்கையாளர் எனப் பொய்யாகக் கூறியே அவர் விடுதலை பெற்றார் என்கிறார் க்ராஸ். இம்முடிவை ஏற்காத வாசகரும் உளர். தாம் போற்றும் கலைஞரின் வாய்மொழிக்கும் ஆவணத்துக்கும் முரண் நேரும்போது வாசகர் எப்பக்கம் சாய்கிறார் என்பதை அவர் கேட்ட இசையும் தீர்மானிக்கிறது.

குழு வரலாறும் நடுவுநிலையும்

தனியொருவர் வரலாற்றில் எழாத ஒரு வினா இசைக்குழுவின் வரலாற்றில் எழுகிறது. நால்வர் சேர்ந்து படைத்த ஒலியை யார் கணக்கில் எழுதுவது? ஃபிலிப் நார்மன் 1981-இல் வெளியிட்ட பீட்டில்ஸ் வரலாறான ‘ஷவுட்!’ நடையழகுக்காகப் போற்றப்பட்டது. ஜான் லெனன் பக்கம் சாய்ந்து பால் மெக்கார்ட்னியைக் குறைத்து மதிப்பிட்டது என்ற குற்றச்சாட்டுக்கும் உள்ளாயிற்று. அதே நார்மன் 2016-இல் மெக்கார்ட்னி வரலாற்றையும் 2023-இல் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் வரலாற்றையும் எழுதினார். முந்தைய நூலின் சாய்வை நினைவில் கொண்ட வாசகர் புதிய நூல்களை அந்நினைவோடே எடைபோடுகின்றனர். மாறாக, 1962-ஆம் ஆண்டின் இறுதியோடு நிற்கும் மார்க் லூயிசனின் 2013-ஆம் ஆண்டு நூல், அளவில் மிகப் பெரிதாயினும், ஆவணச் செறிவுக்காக மதிக்கப்படுகிறது. எவரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ அவசரப்படாத நிதானத்தை அதன் வாசகர் நடுவுநிலையாகக் காண்கின்றனர்.

‘லைஃப்’ நூலில் மிக் ஜாகரைப் பற்றிய ஏளனக் குறிப்புகள் இதே வினாவைத் தன்வரலாற்றுக்குள் கொண்டுவந்தன. அவை நட்பின் உரிமையோடு சொல்லப்பட்டவை எனச் சிலரும், மறுமொழி கூறும் நூல் ஜாகரிடமிருந்து வராத நிலையில் ஒருதலைப்பட்சமானவை எனச் சிலரும் கொண்டனர்.

நம்பிக்கையின் இடப்பெயர்ச்சி

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒன்று புலப்படும். வாசகர் சோதித்தறிந்த செய்தியால் பெறும் நம்பிக்கை, சோதிக்க இயலாத செய்திக்கும் இடம்பெயர்கிறது. ஐந்து தந்திகளைப் பற்றி ரிச்சர்ட்ஸ் சொன்னது மெய்யெனில், ஜாகரைப் பற்றிச் சொன்னதும் மெய்யாகவே இருக்கும் என்னும் உணர்வு அறியாமலே எழுகிறது. ஆசிரியர், கதைசொல்லி, நாயகர் மூவரும் ஒருவரே என்னும் உறுதிமொழியைத் தன்வரலாற்று ஒப்பந்தம் என 1975-இல் விளக்கினார் பிரெஞ்சு அறிஞர் ஃபிலிப் லெஜன். ராக் தன்வரலாற்றில் இவ்வொப்பந்தத்துக்கு இசைத்தட்டும் ஒரு சாட்சியாக அமைகிறது. அச்சாட்சி எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்னும் பகுப்பு வாசிப்பில் பெரும்பாலும் நிகழ்வதில்லை.

இதன் விளைவை எரிக் கிளாப்டனின் தன்வரலாற்றில் காணலாம். 2007-இல் வெளிவந்த அந்நூல் போதைக்கும் மதுவுக்கும் அடிமையாகிக் கிடந்த காலத்தை ஒளிவின்றிச் சொல்கிறது. 1991-இல் நான்கு வயது மகனை இழந்த துயரமும் அதில் உண்டு. வாசகர் அதன் நேர்மையைப் பாராட்டினர். இசை பற்றிய செய்தி போதாது என்றும் குறைபட்டனர். அதே ஆண்டில் அவருடைய முன்னாள் மனைவி பேட்டி பாய்டின் தன்வரலாறும் வெளிவந்தது. ஒரே மணவாழ்வை இருவரும் சொல்கின்றனர். 1970-இல் பதிவான ‘லைலா’ பாடலின் காதலியாக மட்டுமே பாய்டை அறிந்திருந்த வாசகருக்கு, குடிக்கு ஆட்பட்ட கணவரோடு வாழ்ந்த பெண்ணின் குரல் அந்நூலில் கிடைக்கிறது. ஆனால் பாய்டின் கூற்றுக்குத் துணைநிற்க இசைத்தட்டு ஏதுமில்லை. கிளாப்டனின் கழிவிரக்கத்தை ஏற்பதில் வாசகருக்கு அவர் கிதார் துணைநிற்கிறது. பாய்டின் நினைவுகளையோ இசைக்குப் புறம்பான வம்பு என ஒதுக்குவது அவர்களுக்கு எளிதாகிவிடுகிறது.

1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் குடியேறியோருக்கு எதிராகக் கிளாப்டன் பேசிய பேச்சும் இத்தகையது. அதற்கு எதிர்வினையாகவே ‘ராக் எகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் அவ்வாண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையில் தம் கலையை வளர்த்துக்கொண்ட ஒருவர் அவ்வாறு பேசியது இசைக்குப் புறம்பான செய்தியன்று. அந்த இசையின் வரலாற்றுக்குள்ளேயே நிற்கும் செய்தி. இசையை மட்டும் சொன்னால் போதும் எனக் கோரும் வாசகர், ப்ளூஸிடம் பெற்ற கடனையும் இப்பேச்சையும் ஒரே வரலாற்றில் வைத்துப் பார்க்கும் கடப்பாட்டிலிருந்து விலகிக்கொள்கிறார். ‘ஹேமர் ஆஃப் தி காட்ஸ்’ நூலில் இளம் ரசிகைகள் நடத்தப்பட்ட விதத்தை ஒருகாலத்தில் சாகசமாக வாசித்தவர்கள் இருந்தனர். இன்று அதே பக்கங்களை அருவருப்போடு வாசிப்பவர்கள் இருக்கின்றனர். நூல் மாறவில்லை, எதிர்பார்ப்பு எல்லை மாறியிருக்கிறது.

முடிவுரை

இசையை விளக்காத நூல் இசைக்கலைஞரின் வரலாறாகாது என்னும் வாசக அளவுகோல் நியாயமானது. பரபரப்பையே பொருளாகக் கொண்ட நூல்களை அது சரியாக இனங்காண்கிறது. ஆசிரியர் கற்பனையால் இட்டு நிரப்பிய இடங்களைச் சுட்டுகிறது. தொழில்முறைத் திறனாய்வாளர் தவறவிடும் சுருதிப் பிழையைக்கூட அது பிடித்துவிடும். ஆனால் செவி அளிக்கும் சான்று இசைக்கு மட்டுமே உரியது. ஒரு கலைஞர் தம் வாசிப்பைப் பற்றி உண்மை சொல்வதால், தம்மோடு வாழ்ந்தவர்களைப் பற்றியும் உண்மையே சொல்கிறார் என்றாகாது. அவ்வாறு நம்பும்போது, இசைத்தட்டில் குரல் பதியாதவர்களே வரலாற்றிலிருந்து முதலில் விலக்கப்படுகின்றனர்.

இவ்வகை நூல்களைப் பற்றிய வாசகர் கருத்துகளை ஆராய முற்படுவோர், எந்நூலை வாசகர் விரும்பினர் என்பதோடு நின்றுவிடாது, எச்சான்றை நம்பி எச்செய்தியை ஏற்றனர் என்பதையும் பிரித்து நோக்க வேண்டும். பாய்டின் நூலையும் கிளாப்டனின் நூலையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாசிப்பு அதற்கு ஏற்ற தொடக்கமாக அமையும்.